புளியங்கொட்டை மாவு கப்பல் ஏறிய கதை

(பண்ணை வானொலியில் ஒலிபரப்பான உரை)



பயறு வகைகளை அரைத்த மாவு வெளிநாட்டுக்குப் போன வரலாற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பயறு மாவு என்றதும் எல்லாருக்கும் கடலை மாவுதான் ஞாபகத்துக்கு வரும். அதைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லத்தான் போகிறேன். ஆனால் நம்ம தர்மபுரிச் சீமைக்கும் கடல் கடந்த மாவு வாணிபத்துக்கும் உள்ள சம்பந்தம் கடலை மாவிலே இல்லை. வாசலில் பெருக்கித் தள்ளுகிறோமே, அந்தப் புளியங்கொட்டையிலே இருக்கிறது.

புளி எப்படிப் பயறு வகையாகும் என்று கேட்பீர்கள். ஆகும். அவரை, துவரை, கொள்ளு, நிலக்கடலை, புங்கன், வாகை, புளி எல்லாம் தாவர நூலில் ஒரே குடும்பம்; அவரைக் குடும்பம் என்று அதற்குப் பெயர். காயைப் பார்த்தாலே தெரியும். நீள ஓடு, அதற்குள் வரிசையாக விதை, விதையைப் பிளந்தால் இரண்டு பருப்பு. ஒரே ஒரு வித்தியாசம். துவரை வேரிலும் கொள்ளு வேரிலும் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் முண்டு முண்டான வேர் முடிச்சுகள் இருக்கும். புளி வேரில் அது கிடையாது. ஆகவே புளியமரத்தடியில் மண் வளம் பெருகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் கடலை மாவை முடித்துவிடுகிறேன். இங்கிலீஷ்காரர்கள் கடலைக்கு ‘கிராம்’ என்று பெயர் வைத்தார்கள். அது அவர்கள் சொல் கூட இல்லை. தானியம் என்று பொருள்படும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டவர்கள் பிழைப்புத் தேடி மலேயா, கிழக்கு ஆப்பிரிக்கா, இங்கிலாந்து, அரபு நாடுகள் என்று போன இடமெல்லாம் கடலை மாவும் பின்னாலேயே போயிற்று. ஆனால் அந்த வாணிபம் என்றைக்கும் நம் வீட்டு அடுப்புக்கு அடங்கிய வாணிபம்தான். உலகத்திலேயே அதிகமாகப் பருப்பு விளைவிப்பதும் இந்தியா, அதிகமாகச் சாப்பிடுவதும் இந்தியா, போதாமல் வெளியிலிருந்து அதிகமாக வாங்கியதும் இந்தியாதான். 2006 ஜூன் மாதம் பருப்பு விலை ஏறியபோது மத்திய அரசு பருப்பு ஏற்றுமதியையே நிறுத்தியது. வெள்ளைக் கொண்டைக்கடலைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அந்தத் தடை முழுவதுமாக நீங்கியது 2017 நவம்பரில். பதினோரு வருஷம்! வெளிநாட்டுக்காரன் ஒருவன் நம்மை நம்பி ஒரு கடை வைத்திருந்தால் அவன் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் தடையைக் குறை சொல்லவில்லை. பிள்ளை பசியோடு இருக்கும்போது அண்டை வீட்டுக்கு விருந்து வைக்க முடியாது. நான் சொல்ல வந்தது வேறு. நாம் சாப்பிடுகிற பயறு கப்பலில் நிலையாகப் போகாது. நாம் சாப்பிடாமல் ஒதுக்கிய பயறு இரண்டு, நிலையாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று ராஜஸ்தானத்துக் கொத்தவரை விதை. இன்னொன்று புளியங்கொட்டை.

புளியமரம் ஆதியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பது தாவர சாஸ்திரக்காரர்கள் முடிவு. ஆனால் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வந்து ஊன்றிவிட்டதால், அராபிய வியாபாரிகள் அதை இந்தியாவின் பேரீச்சை என்று பொருள்பட ‘தமர் ஹிந்தி’ என்றார்கள். வெள்ளைக்காரர்கள் வாயில் அது ‘டாமரிண்ட்’ ஆயிற்று. நம்ம மாவட்டத்திலே அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கம் போனால் வரப்பிலும் ஓடைக்கரையிலும் மலையடிவாரத்திலும் புளிதான். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம் காட்டுப்புளியெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. மரத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

கொட்டைக்கு அந்தக் காலத்தில் என்ன உபயோகம்? பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி, ஒரு பக்கம் தேய்த்தால் தாயக்கட்டை. அது போக, ஒரு தொழில் உபயோகமும் இருந்தது. தக்காணத்திலே கம்பளி நெய்கிறவர்கள் புளியங்கொட்டைப் பருப்பை அரைத்துக் காய்ச்சி, அந்தக் கூழை ஆட்டுமயிர் நூல் பாவுக்குக் கஞ்சியாகப் போட்டார்கள். பாவுக்குக் கஞ்சி போடாவிட்டால் தறியில் நூல் உரசி மயிர் மயிராகப் பிரிந்து அறுந்துபோகும். ஒரிசாவில் பட்டச்சித்திரம் எழுதுகிறவர்கள் துணியைச் சித்திரத்துக்குத் தயார் பண்ணுவதும் இந்தக் கொட்டைப் பசையும் சுண்ணப் பொடியும் சேர்த்துத்தான். படித்த விஞ்ஞானி யாரும் வந்து சொல்லவில்லை. கொட்டையில் பசை இருக்கிறது என்பது நெசவாளிக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு உபயோகத்தை மனசு கஷ்டப்பட்டுத்தான் சொல்ல வேண்டும். பஞ்ச காலத்தில் ஏழைகள் கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, ஊறவைத்து, வேகவைத்தோ மாவாக்கியோ தின்றார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லுவார்களே, 1876 முதல் 1878 வரை வந்த பஞ்சம், அதிலே மிகவும் அடிபட்டது அன்றைய சேலம் ஜில்லா. நம்ம தர்மபுரி அப்போது அதில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ஆம் தேதி. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 60 ஆயிரம் பேர். 1881-ல் எண்ணியபோது சுமார் 16 லட்சம் பேர். பத்து வருஷத்தில் பெருக வேண்டிய ஜனத்தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துபோயிற்று. அந்தக் காலத்தில் வயிற்றை ஏமாற்றியது மரத்தடியில் கிடந்த இந்தக் கொட்டை. அதில் புரதம் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டுப் பங்கு வரை இருக்கிறது என்பதும், மேல்தோலில் உள்ள துவர்ப்புதான் வயிற்றைக் கட்டிப்போடுகிறது என்பதும், ஆகவே தோலை நீக்கியது சரிதான் என்பதும் பின்னாளில் சோதனைச் சாலையில் தெரியவந்தது.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலக யுத்தம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். பர்மா அரிசி நின்றது, மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசியும் மாப்பொருளும் நின்றன. இங்கே பம்பாய், அகமதாபாத் பஞ்சாலைகளும் கல்கத்தா சணல் ஆலைகளும் ராணுவத்துக்காக ராப்பகலாக ஓடுகின்றன. அத்தனை பாவுக்கும் கஞ்சி வேண்டும். சோளத்திலும் அரிசியிலும் உருளைக்கிழங்கிலும் எடுக்கிற மாவைப் பாவுக்குப் போட்டால் ஜனங்கள் எதைச் சாப்பிடுவது? 1943-ல் வங்காளத்தில் பட்டினிச் சாவு நடந்த கதை உங்களுக்குத் தெரியும். ஆகவே மனிதன் தின்னாத ஏதாவது ஒன்றிலிருந்து கஞ்சி கிடைக்குமா என்று தேடத் தொடங்கினார்கள்.

டேராடூனில் இருக்கும் வன ஆராய்ச்சி நிலையத்தில் கோஷ், கிருஷ்ணா என்ற இரண்டு ரசாயன விஞ்ஞானிகள் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டார்கள். பருப்பை அரைத்து வெந்நீரில் காய்ச்சினால் கெட்டியான கூழாகிறது. சர்க்கரை சேர்த்தால் பழப்பாகு மாதிரி உறைகிறது. பழப்பாகை உறைய வைக்கும் பொருளுக்கு ‘பெக்டின்’ என்று பெயர். ஆகவே 1942-ல் அவர்கள் இதையும் புளியங்கொட்டைப் பெக்டின் என்றே எழுதினார்கள். பிறகு மற்றவர்கள் ஆராய்ந்தபோது இது பெக்டின் ஜாதி இல்லை, வேறு மாதிரிச் சர்க்கரைச் சங்கிலி என்று தெரிந்தது. ‘ஜெல்லோஸ்’ என்று புதுப் பெயர் வந்தது. பெயர் எதுவானால் என்ன, 1943-லேயே புளியங்கொட்டை மாவு ஆலைச் சரக்காகிவிட்டது. அரிசி மாவையும் சோள மாவையும் விடக் குறைந்த அளவே போதும், விலையும் மலிவு. பருத்தி ஆலை எடுத்துக்கொண்டது, அதைவிட அதிகமாகச் சணல் ஆலை எடுத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியத் தர நிர்ணய நிறுவனம் பருத்திக்குத் தனி, சணலுக்குத் தனி என்று இந்த மாவுக்குத் தர விதிகளே வகுத்தது.

இங்கே கொஞ்சம் நின்று பக்கத்து ஊரைப் பார்க்க வேண்டும். அதே 1943, அதே மலேயாச் சரக்குத் தட்டுப்பாடு. சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி, மலேயாத் தொழில் தெரிந்த பொபட்லால் ஷா என்பவரைச் சேர்த்துக்கொண்டு மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் எடுக்கத் தொடங்கினார். அதிலிருந்து சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கமெல்லாம் மரவள்ளி பரவியது. கிழங்கு அழுகுகிற சரக்கு. பிடுங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் அரைத்தாக வேண்டும். ஆகவே ஆலை கிழங்கைத் தேடி ஊருக்குள் வந்தது. 1981-ல் சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கென்று ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கமும் பதிவாயிற்று. விலை ஏறினாலும் இறங்கினாலும் என்ன விலை என்று மரவள்ளி போட்டவனுக்குத் தெரியும். கோபம் வந்தால் போய் நின்று கேட்க ஒரு வாசலும் உண்டு.

ஒரே வருஷத்தில், ஒரே பஞ்சத்தில் பிறந்த இரண்டு மாவு. ஒன்று இங்கே வேர் பிடித்தது. இன்னொன்று பிடிக்கவில்லை. ஏன்? என் கணிப்பைச் சொல்கிறேன். புளியங்கொட்டை அழுகாது. மூட்டை கட்டி மாதக்கணக்கில் வைக்கலாம், ரயிலில் ஏற்றி எத்தனை தூரமும் அனுப்பலாம். அழுகாதது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அழுகாத சரக்கைத் தேடி ஆலை வர வேண்டிய அவசியம் இல்லையே! ஆகவே மாவாலைகள் மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் குஜராத்திலும் வளர்ந்தன. நம்ம ஊர்க் கொட்டை கமிஷன் மண்டி வழியாக மூட்டை மூட்டையாக வெளியே போயிற்று. போன கொட்டை என்னவாகிறது என்று போட்டவனுக்கும் தெரியாது, பொறுக்கினவளுக்கும் தெரியாது. என் வட்டாரத்தில் கொட்டை எடுத்துக் கொடுக்கிற பெண்களைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் மாட்டுத் தீவனத்துக்கு என்கிறார்கள். ஒரு பாட்டி காப்பித் தூளில் கலக்கிறார்கள் என்றார். அதுவும் ஒரு காலத்தில் நடந்த மோசடிதான், இல்லை என்று சொல்ல முடியவில்லை.

வெளிநாட்டுப் பயணம் பெரிதாகத் தொடங்கியது ஜப்பானால். அங்கே டைனிப்பான் என்ற மருந்துக் கம்பெனி, புளியங்கொட்டை மாவிலிருந்து பசைப்பொருளை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுத்து, ‘கிளைலாய்டு’ என்ற பெயரில் 1964-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எதற்கு? குழம்புச் சாறு கெட்டிப்படுவதற்கு, ஐஸ்கிரீம் பனிக்கட்டி கட்டாமல் இருப்பதற்கு, ஊறுகாய்ச் சாறு வடியாமல் ஒட்டி நிற்பதற்கு. மற்றப் பசைகள் புளிப்பிலும் உப்பிலும் சூட்டிலும் நீர்த்துப்போகும். இது அவ்வளவு சுலபத்தில் அசையாது. புளிக்குள் பிறந்த விதையாயிற்றே, புளிப்புக்குப் பயப்படுமா! யுத்த காலத்தில் எந்த நாட்டுப் படையெடுப்பால் இங்கே மாவுக்குப் பஞ்சம் வந்து கொட்டையைத் தேடினோமோ, அந்த நாடே இருபது வருஷம் கழித்து அந்தக் கொட்டை மாவுக்கு உணவுப் பொருள் அந்தஸ்து கொடுத்தது.

இங்கே நாம் விற்றது மாவு. அங்கே அவர்கள் விற்றது பசை. நடுவில் நடக்கிற வேலை என்ன? மாவிலுள்ள எண்ணெய்தான் நாள்பட்டால் சிக்கு வாடை வீசச் செய்து நிறத்தையும் பழுப்பாக்குகிறது. பருப்பில் அது நூற்றுக்கு ஆறிலிருந்து எட்டுப் பங்கு. அதை நீக்க வேண்டும். புரதத்தைப் பிரிக்க வேண்டும். மிச்சம் நூற்றுக்கு அறுபது பங்குக்குப் பக்கத்தில் இருக்கும் பசைப்பொருள்தான் சரக்கு. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் உள்ள ஆலைகள் பிற்பாடு இதைக் கற்றுக்கொண்டு எண்ணெய் நீக்கிய மாவும், ரசாயன முறையில் பச்சைத் தண்ணீரிலேயே கரைகிற மாதிரி மாற்றிய மாவும் செய்தன. பாலியஸ்டர் சேலையில் பூ அச்சடிக்கிறார்களே, அந்தச் சாயம் பரவாமல் கோட்டுக்குள் நிற்பது இந்த மாதிரிப் பசையால்தான். கொசுவர்த்திச் சுருள் உதிராமல் பிடித்து நிற்பதற்கும் இந்த மாவு சேர்க்கிறார்கள். இத்தாலியில் இதன் சுத்தமான பசையைக் கண் வறட்சிக்குச் சொட்டு மருந்தாக்கினார்கள். 2017-ல் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு இதை ஆராய்ந்து, தினசரி உட்கொள்ளும் அளவுக்கு வரம்பு கட்ட வேண்டியதில்லை என்று முடிவு சொன்னது. தாது வருஷத்துச் சனங்கள் சொந்த வயிற்றில் சோதித்துப் பார்த்த பொருளுக்குச் சான்றிதழ் வர நூற்று நாற்பது வருஷம் ஆயிற்று.

இப்போது கொத்தவரைக் கதை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2012-ல் என்னிடமே பல பேர் வந்து கொத்தவரை விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கொத்தவரை விதை மாவும் யுத்தம் பெற்ற பிள்ளைதான். அமெரிக்கக் காகித ஆலைகள் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த ‘காரப்’ என்ற மரத்தின் விதைப் பசையை உபயோகித்து வந்தன. அதுவும் அவரைக் குடும்பம்தான். பாருங்கள், எங்கே சுற்றினாலும் இந்தக் குடும்பம்தான். யுத்தத்தில் அந்த வரத்து நின்றபோது மாற்றுத் தேடி, கடைசியில் நம் நாட்டுக் கொத்தவரை விதையில் வந்து நின்றார்கள். 1950-களிலிருந்து அது பெரிய வியாபாரம். ராஜஸ்தானத்து ஜோத்பூர்ப் பக்கம் ஆலைகள் பெருகின. புளியங்கொட்டை மாவைக் காய்ச்சினால்தான் கூழாகும். கொத்தவரை மாவு பச்சைத் தண்ணீரிலேயே ஊதிக் கெட்டிப்படும். வாணிபத்தில் அது புளியங்கொட்டையை முந்திக்கொண்டு ஓடியதற்கு இந்த ஒரு குணமே பாதிக் காரணம்.

பிறகு அமெரிக்காவில் பாறைக்குள் இருக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் எடுக்க, பூமிக்குள் தண்ணீரையும் மணலையும் அழுத்திச் செலுத்தும் முறை பரவியது. மணல் அடியில் தங்காமல் தண்ணீரோடு போக வேண்டுமானால் தண்ணீர் கெட்டியாக இருக்க வேண்டும். அதற்குக் கொத்தவரைப் பசை. 2011-12-ல் நாம் சுமார் 7 லட்சம் டன் கொத்தவரைப் பசை ஏற்றுமதி செய்து 16 ஆயிரத்து 500 கோடி ரூபாய் வாங்கினோம். அடுத்த வருஷம் சரக்கு சுமார் 4 லட்சம் டன்னாகக் குறைந்தும் பணம் 21 ஆயிரம் கோடியைத் தாண்டியது. விதை விலை குவிண்டால் 30 ஆயிரத்தை நெருங்கியது. சூதாட்டம் மிஞ்சிப்போய் 2012 மார்ச்சில் முன்பேர வணிகத்தையே நிறுத்தி வைத்தார்கள். அப்புறம்? 2014 கடைசியில் உலகத்தில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. 2015-16-ல் அதே பசை ஏற்றுமதி 3 ஆயிரத்துச் சொச்சம் கோடிக்கு வந்து நின்றது. அமெரிக்காவில் ஒருத்தன் பூமியில் துளை போடுவதை நிறுத்தினால் நம்ம ஊர்க்காரன் வயலில் விதை விலை விழுகிறது. அன்றைக்கு என்னிடம் கேட்டவர்களுக்கு, ராகியையும் கொள்ளையும் விட்டுவிட்டு ஏக்கர் முழுவதும் கொத்தவரை விதைக்குப் போடாதீர்கள், காய்க்கு இரண்டு பாத்தி போடுங்கள் என்றேன். சில பேருக்கு என்மேல் வருத்தம்தான்.

கொத்தவரை மாவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2007-ல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன மாவில் பென்டாகுளோரோபீனால் என்ற விஷப்பொருளும் டையாக்சினும் இருப்பது தெரிந்து அங்கே பெரிய ரகளை ஆயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு சரக்குக்கும் சோதனைச் சான்று வேண்டும் என்றார்கள். வைத்த வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. மாவு அரைத்தவன், மூட்டை தைத்தவன், கிட்டங்கியில் மருந்து அடித்தவன், இவர்களில் யாராவது ஒருவர் கவனக்குறைவாக இருந்தாலும் அத்தனை சரக்கும் திரும்பி வரும். கடல் கடந்து போகும் மாவுக்கு இந்த விதி பொது. புளியங்கொட்டையும் விலக்கு இல்லை.

சரி, நம்ம கொட்டைக்கு வருவோம். கணக்கைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டோடு 100 கிலோ புளி எடுத்தால், அதிலே சதை சுமார் 55 கிலோ, கொட்டை 34 கிலோ, ஓடும் நாரும் 11 கிலோ. ஓட்டையும் நாரையும் நீக்கிக் கொட்டையோடு விற்கிறவர் கையில் 89 கிலோ. அப்படி விற்கும் ஒவ்வொரு 100 கிலோவிலும் 38 கிலோ கொட்டை போகிறது. மரக் குத்தகை விடுகிறவர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிஞ்சு தெரியும்போதே குத்தகை பேசி முடித்துவிடுகிறோம், புளி எவ்வளவு தேறும் என்றுதான் அண்ணாந்து பார்க்கிறோம். ஒரு நல்ல மரம் 200 கிலோ காய்த்தால் அதில் 68 கிலோ கொட்டை உண்டு. குத்தகைதாரருக்கு அது தெரியும். வீட்டில் கொட்டை எடுக்கும் சில ஊர்களில் தட்டுகூலியோடு கொட்டையையும் பெண்களுக்கே விட்டுவிடுகிறார்கள். அது நல்ல வழக்கம், மாற்ற வேண்டாம். ஆனால் அந்தப் பெண்கள் அதைப் படி அளந்து வாசலுக்கு வரும் சில்லறை வியாபாரிக்குப் போடுகிறார்கள். பத்து வீட்டார் சேர்ந்து, மூட்டையாக்கி, எடை போட்டு மண்டிக்குக் கொண்டுபோனால் விலை வேறு.

38 கிலோ கொட்டையில் தோல் போகப் பருப்பு சுமார் 27 கிலோ. இந்தத் தோல் நீக்குவதுதான் ஆலையின் முதல் வேலை. கொட்டையை வறுத்துத் தோலை நொறுக்கி எடுத்த பிறகே அரைக்க முடியும். தோலிலும் துவர்ப்புச் சத்து உண்டு. தோல் பதனிடவும் ஒட்டுப்பலகைப் பசைக்கும் சோதித்திருக்கிறார்கள். வறுவல் அதிகமானால் மாவு பழுப்பாகிப் பசைத் தன்மை குறையும். குறைந்தால் தோல் ஒட்டிக்கொண்டு மாவில் கறுப்புப் புள்ளி விழும். வறுத்து உடைத்துத் தரம் பிரிக்கும் வேலையை மகளிர் குழுவோ உற்பத்தியாளர் கம்பெனியோ இங்கேயே செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம், முடியாத வேலை இல்லை. ஆனால் வாங்குகிற ஆலையிடம் முதலில் பேசி, என்ன நிறம், என்ன ஈரம், எவ்வளவு பூச்சிச் சேதம் வரை ஒத்துக்கொள்வார்கள் என்று தெரிந்துகொண்டு அப்புறம் இயந்திரம் வாங்குங்கள். இயந்திரம் வாங்கிவிட்டு ஆலையைத் தேடி அலைந்து, கொட்டகையில் துரு ஏற விட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைகளில் பொறுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. பழங்குடியினர் சேகரிக்கும் சிறு வனப் பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2013-14-ல் கொண்டுவந்தது. 2020 மே மாதத் திருத்தத்தில் கொட்டையோடு கூடிய புளிக்குக் கிலோ 36 ரூபாய் வைத்தார்கள். இந்த விலை திருத்தப்படக்கூடியது. புளியை இறக்குவதற்கு முன்னால் உங்கள் மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கத்தில் அந்த வருஷத்து விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டையோடு விற்பதா, எடுத்து விற்பதா என்பதை அன்றைய இரண்டு விலையையும் கூலியையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லா வருஷத்துக்கும் ஒரே பதில் கிடையாது.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுஞ்சாலை அகலமானபோது ரோட்டோரப் புளியமரங்கள் எத்தனையோ போயின. ரோடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏலம் எடுத்துப் பிழைத்த குடும்பங்களுக்கும், நிழலில் உட்கார்ந்து கொட்டை எடுத்த பெண்களுக்கும் அது வரும்படி போன கதை. விதைக் கன்று காய்ப்புக்கு வர எட்டுப் பத்து வருஷமாகும். ஒட்டுக் கன்று அதில் பாதி நாளில் காய்க்கும். மானாவாரி வரப்பில் நட நினைப்பவர்கள் ஒட்டுக் கன்றே நடுங்கள். பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்து பி.கே.எம். 1 ரகமும் இருக்கிறது. உரிகம் பக்கத்து நீளக்காய் மரங்களிலிருந்து ஒட்டுக் குச்சி எடுத்தாலும் நன்றாகவே வரும்.

கடைசியாகக் கொட்டையை வைத்திருக்கும் முறை. இதிலேதான் நம் பக்கத்தில் நஷ்டம் அதிகம். புளிக் கொட்டையைத் துளைக்கும் வண்டு ஒன்று உண்டு. காய் மரத்தில் இருக்கும்போதே முட்டை வைத்துவிடும். மூட்டைக்குள் வந்து பெருகும். துளை விழுந்த கொட்டையை ஆலைக்காரர் பாதி விலைக்குக் கேட்பார். ஆகவே கொட்டையைச் சதை ஒட்டாமல் கழுவி, தார் ரோட்டில் போடாமல் களத்திலோ படுதாவிலோ நன்றாகக் காயவைத்து, கடித்தால் ‘டக்’கென்று உடையும் பதத்தில் மூட்டை கட்டுங்கள். தண்ணீரில் போட்டால் மிதக்கிற கொட்டை சொத்தை, அதைக் கழித்துவிடுங்கள். யூரியா வந்த சாக்கு, பூச்சிமருந்து வைத்த அறை இரண்டும் ஆகாது. மூட்டையில் மருந்துத் தூளும் தூவ வேண்டாம். அந்த மாவு யார் வீட்டுச் சாப்பாட்டில் சேரும் என்று நமக்குத் தெரியாது. இன்னொன்று, இந்த வண்டுக்குப் புளியங்கொட்டை மேல் எவ்வளவு ஆசையோ, நிலக்கடலை மேலும் அவ்வளவு ஆசை. விதைக்கு வைத்திருக்கும் கடலை மூட்டையும் கொட்டை மூட்டையும் ஒரே அறையில் இருந்தால் ஆடிப்பட்டத்துக்குக் கடலையைப் பிரிக்கும்போது வெறும் ஓடுதான் கிடைக்கும். இரண்டையும் தனித்தனி அறையில் அடுக்குங்கள்.